கடற்கரையில் நிற்கிறேன், கருவி ‘மைனஸ் 90’ என்கிறதே?

வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் திருவனந்தபுரத்தின் 32ஆம் எண் ஓடுபாதையை ஒரு கோடாக நினைத்துத் தென்கிழக்கே நீட்டிப் பாருங்கள்; பூவார், தேங்காய்ப்பட்டணம், குளச்சல் கரையை ஒட்டிய கடல் மேலேயே அது போகும். அதனால்தானோ என்னவோ, விமானங்கள் இறங்க உதவும் செயற்கைக்கோள் வழிகாட்டல் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு இந்த மாவட்டத்திலிருந்தே அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன.

முட்டம் கடற்கரையில் நின்று கைப்பேசிச் செயலி ஒன்றைத் திறந்தால், உயரம் மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே என்று காட்டுகிறது. காலில் அலை படுகிறது! செயலி பழுதா? விமானத்திலும் இப்படிக் காட்டினால் என்ன ஆகும்?
– பள்ளி ஆசிரியர், முட்டம்

செயலி பழுதில்லை. செயற்கைக்கோள் கணக்கில் ‘உயரம்’ என்பது கடல்மட்டத்திலிருந்து அளப்பதல்ல, டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற கணித நீள்வட்டத்திலிருந்து அளப்பது. உண்மைக் கடல்மட்டமோ ஈர்ப்புவிசையின் போக்கில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. உலகிலேயே பெரிய பள்ளம் நம் முனைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் நீள்வட்டத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. நம் கரையிலும் அந்த வித்தியாசம் 90 மீட்டருக்கு மேல். சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில அப்படியே காட்டும்.

விமானத்தில் இது விளையாட்டில்லை. செயற்கைக்கோள் துணையோடு செங்குத்து வழிகாட்டலும் தருகிற இறங்குமுறையில், ஓடுபாதை முனையின் உயரத்தை நீள்வட்டக் கணக்கில்தான் தரவுத்தொகுதியில் எழுத வேண்டும். யாராவது அங்கே கடல்மட்ட உயரத்தை எழுதிவிட்டால், வானத்தில் வரையப்படும் 3 டிகிரிச் சரிவுப்பாதை மொத்தமும் 90 மீட்டர் மேலே ஏறிவிடும். 3 டிகிரியில் ஒவ்வொரு 100 மீட்டர் நகர்வுக்கும் 5.24 மீட்டர் இறக்கம். அப்படியானால் 90 மீட்டர் உயரப்பிழை, தரைதொடும் இடத்தைச் சுமார் 1,700 மீட்டர் முன்னே தள்ளும். பல ஓடுபாதைகளில் அது பாதி நீளம். ஆகவே விமானம் கிளம்பும் முன்பே, மேசைமேல் நடக்கும் முதல் சோதனை இந்த ஒரு எண்ணைச் சரிபார்ப்பதுதான்.

இதே வகைத் தவறு கிடைமட்டத்திலும் உண்டு. பழைய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தைச் சார்ந்தவை. அதில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஜி.பி.எஸ்.ஸில் போட்டால் இடம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். விமானப் போக்குவரத்தில் 1998 ஜனவரி 1 முதல் உலகெங்கும் டபிள்யூ.ஜி.எஸ். 84 மட்டும்தான்.

ஐயா, எங்கள் விசைப்படகில் இருக்கும் ஜி.பி.எஸ். குறித்து வைத்த கடலடிப் பாறைக்குச் சில மீட்டருக்குள் கொண்டு சேர்க்கிறது. விமானத்துக்கு அது போதாதா? தனியாக ஏன் இத்தனை சோதனை?
– ஆழ்கடல் மீனவர், தூத்தூர்

துல்லியத்தைப் பொறுத்தவரை உங்கள் கருவியும் விமானக் கருவியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு செயற்கைக்கோளின் கடிகாரம் தடம்புரண்டால் உங்கள் கருவி பேசாமல் இருக்கும். தவறான இடத்தைச் சரியான முகத்தோடு காட்டும். கடலில் அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். மேகத்துக்குள் 250 அடி உயரம்வரை இறங்கும் விமானத்துக்கு அந்த அரை மணி கிடையாது.

அதனால் விமான ரிசீவர் ஒவ்வொரு நொடியும் இரண்டு எண்கள் தரும். ஒன்று இடம். இன்னொன்று, ‘என் பிழை இதற்குள்தான் இருக்கும்’ என்று அது கொடுக்கும் உறுதிமொழி. காப்பு எல்லை என்று சொல்லலாம். ஜி.பி.எஸ்.ஸுக்குத் திருத்தம் சொல்லும் இந்திய அமைப்பான ககன் சான்று பெற்றிருக்கும் ஏ.பி.வி. 1 என்ற, செங்குத்து வழிகாட்டலும் உள்ள இறங்குமுறைத் தரத்துக்கு உலக விதி இப்படி: நூற்றுக்கு 95 முறை கிடைமட்டப் பிழை 16 மீட்டருக்குள், செங்குத்துப் பிழை 20 மீட்டருக்குள் இருக்க வேண்டும். காப்பு எல்லை கிடைமட்டத்தில் 40, செங்குத்தில் 50 மீட்டரைத் தாண்டினால் அந்த இறங்குமுறையை விட்டுவிட வேண்டும். எச்சரிக்காமல் ஏமாற்றும் வாய்ப்பு ஓர் இறக்கத்துக்குக் கோடியில் இரண்டுக்கு மேல் கூடாது. கோளாறு என்றால் 10 நொடிக்குள் விமானிக்குத் தெரிய வேண்டும். சோதனை என்றால் பெரும்பாலும் இந்த உறுதிமொழியைச் சோதிப்பதுதான். 2 மீட்டர் பிழையோடு ‘5 மீட்டருக்குள்’ என்று சொல்லும் கருவியைவிட, 8 மீட்டர் பிழையோடு ‘20 மீட்டருக்குள்’ என்று சொல்லும் கருவி மட்டமல்ல. 8 மீட்டர் பிழையோடு ‘5 மீட்டருக்குள்’ என்று சொல்வதுதான் ஆபத்தானது.

ககனுக்கும் உங்களுக்கும் ஓர் உறவு உண்டு. ஒக்கிப் புயலுக்குப் பிறகு, 2019இல், கைப்பேசி எட்டாத கடலில் புயல் எச்சரிக்கையும் மீன்வளத் தகவலும் தருவதற்கென்று அறிமுகமான ஜெமினி கருவிக்குச் செய்தி வருவது ககன் செயற்கைக்கோள் வழியாகத்தான்.

ககனும் நாவிக்கும் ஒன்றா?
– போட்டித்தேர்வு மாணவி, மார்த்தாண்டம்

இல்லை. நாவிக் இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் தொகுதி. ககன் என்பது ஜி.பி.எஸ்.ஸுக்குத் திருத்தம் சொல்லும் அமைப்பு. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. 15 தரை நிலையங்கள் ஜி.பி.எஸ். சிக்னலைக் கேட்கின்றன; நமக்குப் பக்கத்தில் உள்ளது திருவனந்தபுரம். பெங்களூரு மையம் பிழையைக் கணக்கிட்டு, ஜிசாட் 8, ஜிசாட் 10, ஜிசாட் 15 வழியாகத் திருப்பி அனுப்புகிறது. 2013 டிசம்பரில் வழித்தடப் பறப்புக்கும், 2015 ஏப்ரலில் ஏ.பி.வி. 1 இறங்குமுறைக்கும் சான்று கிடைத்தது. தேர்வுக்கு இது போதும்.

விமான நிலையம் அருகே இந்தத் துல்லியத்தை உண்மையில் எப்படிச் சோதிக்கிறார்கள்? வானத்தில் பறக்கும் விமானம் ‘உண்மையில்’ எங்கே இருந்தது என்று எதை வைத்துச் சொல்வது?
– பொறியியல் மாணவர், நாகர்கோவில்

கேள்வியின் இரண்டாம் பாதிதான் இந்தத் துறையின் முதல் பாடம். ஒப்பிடும் அளவுகோல், சோதிக்கப்படும் கருவியைவிடக் குறைந்தது ஐந்து மடங்கு நம்பகமாக இருக்க வேண்டும். ரேடார் போதாது. தரையில் ஒரு ரிசீவரும் விமானத்தில் ஒரு ரிசீவரும் ஒரே நேரத்தில் பதிவு செய்த இரட்டை அலைவரிசைத் தரவை, பறந்து முடித்தபின் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால் 10, 20 சென்டிமீட்டருக்குள் உண்மைப் பாதை கிடைக்கும். அதுதான் அளவுகோல்.

தரை நிலையத்தை விமான நிலைய வளாகத்தில், முன்பே துல்லியமாக அளந்த குறிக்கல்லின் மேல் வைக்க வேண்டும். ஹேங்கர், தகரக்கூரை, நிறுத்தி வைத்த வண்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம். சிக்னல் அவற்றில் பட்டுத் திரும்பி வந்தால் நீண்ட பாதையை நேர்ப்பாதை என்று ரிசீவர் நம்பிவிடும். ஆன்டெனா உயரத்தை மூன்று தடவை அளக்க வேண்டும். சாய்வாக அளந்ததை நேர்உயரம் என்று எழுதிவிடுவது எந்த ஊரிலும் நடக்கும் தவறு. முடிவில் எல்லாச் செங்குத்து எண்களும் ஒரே அளவு தள்ளி நிற்பதைப் பார்த்தால் முதலில் இங்கேதான் தேட வேண்டும். விமானம் கிளம்ப அரை மணி முன்பே பதிவைத் தொடங்கி, இறங்கியபின் அரை மணி வரை விடாமல் ஓட்ட வேண்டும். விமானம் இந்த நிலையத்திலிருந்து 20, 30 கிலோமீட்டருக்குள் இருக்கும்வரை கணக்கு உறுதியாக நிற்கும். அதைத் தாண்டினால் இரண்டு இடத்து வானமும் வேறுவேறாகிவிடும்.

விமானத்தில், சான்று பெற்ற வழிகாட்டி ரிசீவரோடு, நில அளவைத் தரத்தில் இன்னொரு ரிசீவர் நொடிக்கு 10 முறை பதிவு செய்யும். ஆன்டெனா கூரைமேல் இருக்கும். வழிகாட்டிக் கணக்கின் புள்ளி வேறிடத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள முன்பின், இடவலம், மேல்கீழ் தூரங்களைத் தரையிலேயே டேப் வைத்து அளந்து, விமானத்தின் திசை, மூக்கு ஏற்றம், சாய்வு மூன்றையும் கொண்டு ஒவ்வொரு நொடியும் திருத்த வேண்டும்.

மிக அதிகமாகக் கழுத்தறுப்பது நேரம். இறங்கும் விமானம் 140 நாட் வேகத்தில் வருகிறது என்றால் நொடிக்கு 72 மீட்டர். வழிகாட்டி ரிசீவரின் விடை பத்தில் ஒரு நொடி தாமதமாகப் பதிவானால் பாதைநெடுகில் 7 மீட்டர் பிழை போலத் தெரியும். கருவியில் ஒரு குறையும் இருக்காது. இதைவிடப் பெரிய கூத்து, ஒரு கோப்பு ஜி.பி.எஸ். நேரத்திலும் இன்னொன்று உலகப் பொதுநேரத்திலும் இருப்பது. 2017இலிருந்து இரண்டுக்கும் 18 நொடி வித்தியாசம். 18 நொடியில் அந்த விமானம் 1,296 மீட்டர் போய்விடும். பாதைநெடுகில் மட்டும் பிழை பெரிதாக இருந்து, பக்கவாட்டில் ஒன்றுமில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது கடிகாரத்தை. இதனால்தான் பிழையை வடக்கு, கிழக்கு என்று பிரிக்காமல் பாதைநெடுக, பாதைக்குக் குறுக்காக, செங்குத்தாக என்று பிரிக்கிறோம். வடக்கு கிழக்கில் பிரித்தால் நோய் எங்கே என்று தெரியாது.

பறப்பில், இறங்குமுறையை வரைபடத்தில் உள்ளபடி முழுதாகப் பறக்க வேண்டும்: ஆரம்ப, இடைப் பகுதிகளில் 1 நாட்டிகல் மைல் விலக அனுமதி, கடைசிப் பகுதியில் 0.3, அதாவது 556 மீட்டர். பிறகு தரைதொடாமல் மேலேறும் பாதை. அடுத்து, பாதை விலகலைக் காட்டும் ஊசி பாதியளவு இடப்பக்கம் விலகும்படி ஒரு முறை, வலம் விலகும்படி ஒரு முறை. வளைவில் விமானம் 25, 30 டிகிரி சாயும்போது இறக்கை ஒருபக்கச் செயற்கைக்கோள்களை மறைத்துவிடும். இதைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தச் சிக்னல் குறைவுக்கான பழி வேறு எதன் மேலோ போகும். கூடவே, இடையூறு சிக்னல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, ஜி.பி.எஸ். அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு ஸ்பெக்ட்ரம் பதிவும் ஓடிக்கொண்டிருக்கும்.

அளவுகோல் பாதையை முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் 10 சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போகாத பகுதியைத் தயங்காமல் வெட்டி எறியுங்கள்.

கடைசியில் மூன்று பிழைகள் மிஞ்சும்: ரிசீவரின் பிழை, விமானி அல்லது தானியங்கி பாதையைப் பிடிக்கும்போது வரும் பிழை, பாதையையே வரைந்ததில் உள்ள பிழை. இவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது வழக்கம். 4, 200, 1 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள், விடை 200.04. அதாவது கிடைமட்டத்தில் செயற்கைக்கோளின் பங்கு கண்ணுக்கே தெரியாது. விமானியின் கைதான் எல்லாம். சோதனை செய்யும் பலரும் இந்தக் கிடைமட்ட எண்ணைக் காட்டி மகிழ்ந்துகொள்கிறார்கள். பார்க்க வேண்டியது செங்குத்தை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓர் இறக்கம் இரண்டரை நிமிடம். இருபது முறை இறங்கினாலும் 3,000 நொடிதான். அடுத்தடுத்த நொடிகளின் பிழைகள் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால் உண்மையில் தனித்தனி அளவீடுகள் அதைவிட மிகக் குறைவு. கோடியில் இரண்டு என்பதை இதைக் கொண்டு யாரும் நிரூபிக்க முடியாது. அது ஆண்டுக்கணக்கான தரைப்பதிவிலும் வடிவமைப்புக் கணக்கிலும் வருவது. பறப்புச் சோதனை, அந்த இடத்தில், அந்தப் பாதையில், அந்தத் தரவுத்தொகுதியில் தவறில்லை என்பதை உறுதிசெய்யும். நம் நாட்டில் இந்தப் பணி விமான நிலைய ஆணையத்தின் பறப்பு ஆய்வுப் பிரிவுடையது. உலக அளவில் வழிகாட்டும் நூல், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 8071ஆம் எண் கையேடு.

எங்கள் கல்லூரி மாடியில் மாணவர்கள் இதில் ஒரு பகுதியையாவது செய்து பார்க்க முடியுமா? செலவு அதிகம் ஆகக்கூடாது.
– இயற்பியல் பேராசிரியை, குழித்துறை

அசையாத சோதனையைத் தாராளமாகச் செய்யலாம். வேண்டியவை: யூ-பிளாக்ஸ் எஃப்9பி போன்ற இரட்டை அலைவரிசை மாட்யூல் ஒன்று, அதற்கேற்ற ஆன்டெனா, ஆன்டெனாவுக்கு அடியில் குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தட்டு, 5 மீட்டர் கேபிள், ஒரு மடிக்கணினி, ஒரு யு.பி.எஸ். நம் மின்தடைக்கு அந்தக் கடைசிப் பொருள் கட்டாயம்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், கைப்பிடிக் கம்பி இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அடிவானத்திலிருந்து 5 டிகிரிக்கு மேல் எல்லாப் பக்கமும் திறந்திருக்க வேண்டும். தென்னை தலைநீட்டினால் இடம் மாற்றுங்கள்; ஓலை நனைந்தால் சிக்னல் இன்னும் மங்கும். மாட்யூலில் ககனைப் பயன்படுத்தும் அமைப்பு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கிருந்து ஜிசாட் 10 ஏறத்தாழ 78 டிகிரி உயரத்தில், தலைக்கு மேல் என்றே சொல்லலாம். பிடிக்கவில்லை என்றால் பிழை அமைப்பில்தான்.

நொடிக்கு ஒரு பதிவாக 24 மணி நேரம் ஓடவிடுங்கள். 86,400 வரிகள் கிடைக்கும். கூடவே மூலத்தரவையும் தனிக்கோப்பாகச் சேமியுங்கள். அந்த மூலத்தரவைக் கனடா அரசின் சி.எஸ்.ஆர்.எஸ். பி.பி.பி., ஆஸ்திரேலிய அரசின் ஆஸ்போஸ் போன்ற இலவசச் சேவைக்கு அனுப்பினால், சென்டிமீட்டர் அளவில் ஆன்டெனாவின் உண்மை இடம் வரும். துல்லியமான செயற்கைக்கோள் பாதைத்தரவு வெளியாக இரண்டு, மூன்று வாரம் பொறுத்து அனுப்புவது நல்லது. உங்கள் 86,400 எண்களின் சராசரியையே ‘உண்மை’ என்று எடுத்துக்கொள்ள மட்டும் மாணவர்களை விடாதீர்கள். கருவி 3 மீட்டர் நிரந்தரமாகத் தள்ளிக் காட்டினாலும் அந்தக் கணக்கில் பிழை பூஜ்யமாகவே வரும்.

இனி பதிவைப் படிப்பது. ஜி.ஜி.ஏ. எனப்படும், இடத்தையும் உயரத்தையும் தரும் வரியில் 0818.1234 என்று இருந்தால் அது 8 டிகிரி 18.1234 நிமிடம். 8.181234 டிகிரி என்று படித்தால் 13 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடுவீர்கள். அதே வரியில் உயரத்துக்கு அடுத்து ஒரு மைனஸ் எண் இருக்கும். முட்டம் ஆசிரியர் பார்த்த அதே 90 சொச்சம். இரண்டையும் கூட்டினால்தான் நீள்வட்ட உயரம். தர எண் 2 என்று இருந்தால் திருத்தம் கிடைக்கிறது, 1 என்றால் வெறும் ஜி.பி.எஸ்.

நம் அட்சரேகையில் 0.00001 டிகிரி என்பது இரு திசையிலும் சுமார் 1.1 மீட்டர். இதைக்கொண்டு ஒவ்வொரு வரியின் கிடைமட்டப் பிழையையும் மீட்டரில் எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி 82,080ஆவது எண்ணைப் பாருங்கள். அதுதான் 95 சதவீதப் பிழை. செங்குத்துக்கும் அப்படியே, குறியை நீக்கிவிட்டு. செங்குத்து விடை கிடைமட்டத்தைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு வந்தால் அதிர வேண்டாம். கிடைமட்டத்தில் நான்கு பக்கமும் செயற்கைக்கோள் உண்டு. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

மாட்யூல் தானே காட்டும் ‘துல்லிய மதிப்பீடு’, விமான ரிசீவரின் காப்பு எல்லை அல்ல. அதை அப்படிப் பெயரிட்டு அறிக்கை எழுதாதீர்கள். ட்ரோனில் கட்டிப் பறக்கவிடும் ஆசை வந்தால், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டே மற்றதெல்லாம்.

நில அளவை வேலை செய்கிறேன். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இருட்டியபின், சென்டிமீட்டர் அளவில் இடம் காட்டும் ஆர்.டி.கே. கருவி ‘ஃபிக்ஸ்’ (இடம் உறுதி) ஆகாமல் இழுக்கிறது. காலையில் சரியாகிவிடுகிறது. பேட்டரியா, சிம் கார்டா?
– தக்கலை

இரண்டும் இல்லை, வானம். புவியின் காந்த நடுக்கோடு தீபகற்பத்தின் இந்த முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததே அதனால்தான். சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டின் மேல் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி கலைந்து, அடர்த்தி குறைந்த குமிழ்கள் மேலெழும். சிக்னல் அவற்றின் ஊடாக வரும்போது, வெயிலில் தார்ரோட்டுக்கு மேலே காட்சி நெளிவதுபோல் துடிக்கும். சில நொடிகளில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே விழும். ரிசீவர் அலைகளின் எண்ணிக்கையைத் தவறவிடும், ‘ஃபிக்ஸ்’ போய்விடும். இரவு ஏழரை மணி முதல் நள்ளிரவுவரை, இரவும் பகலும் சமமாகும் மாதங்களில், சூரியப்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இது அதிகம்.

பகலிலும் தொல்லை உண்டு, வேறு விதத்தில். அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்தும் அளவு, வெயில் உச்சத்தில் 10 மீட்டரைத் தாண்டக்கூடும். வடக்கே போகப் போக வேகமாக மாறும். ககன் இந்தத் தாமதத்தை 350 கிலோமீட்டர் உயரத்தில் 5 டிகிரிக்கு 5 டிகிரி கட்டமாகப் பிரித்து அனுப்புகிறது. கட்டம் பெரியது, மாற்றம் வேகமானது. நிச்சயமில்லாத இடத்தில் ககன் காப்பு எல்லையைப் பெரிதாக்கிப் பாதுகாப்பு தேடும். அதனால் பாதிக்கப்படுவது துல்லியத்தைவிட, ‘இப்போது பயன்படுத்தலாமா’ என்ற கிடைப்புநேரம். தென்கோடியில் சோதனை வைப்பவர் காலை 10 மணிக்கு மட்டும் பறந்துவிட்டு அறிக்கை எழுதினால் அந்த அறிக்கை பாதிதான். இரவு 8 முதல் 11 வரையும் தரைப்பதிவாவது வேண்டும்.

உங்களுக்கு வழி: அந்த மாதங்களில் மாலை ஆறரைக்குள் கருவியை மடக்கிவிடுங்கள். முடியாது என்றால் அடிப்படை நிலையத்தை 5 கிலோமீட்டருக்குள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் அரை மணி இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள்.

லாரியில் ஜி.பி.எஸ். ஜாமர் மாட்டினால் முதலாளிக்கு வண்டி இருக்கும் இடம் தெரியாது என்கிறார்கள். அதனால் விமானத்துக்கு என்ன கெடுதல்?
– ஓட்டுநர், களியக்காவிளை

ஒரு வாட்டை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி ஒரு கோடியாகப் பிரித்தால் வருவதுதான் தரைக்கு வந்துசேரும் ஜி.பி.எஸ். சிக்னலின் வலு. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் ஜாமர் அதைப் பல நூறு மீட்டருக்கு அமுக்கிவிடும். அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் இறங்குமுறைக்கான தரை நிலையம் அடிக்கடி தடுமாறியதற்குக் காரணம், பக்கத்து நெடுஞ்சாலையில் போன வண்டிகளின் ஜாமர்கள். அந்த ஓட்டுநர்களுக்கு விமானத்தின் மேல் பகையில்லை. நம் நாட்டில் அரசு அனுமதியில்லாமல் இதை வைத்திருப்பதே சட்டவிரோதம். கழற்றிவிடுங்கள்.

முப்பந்தல் காற்றாலைகள் விமானத்தின் ஜி.பி.எஸ்.ஸைக் கெடுக்குமா?
– ஆரல்வாய்மொழி

கெடுக்காது. சிக்னல் மேலிருந்து வருகிறது, ஆன்டெனா விமானத்தின் முதுகில் இருக்கிறது, காற்றாலையோ கீழே. வி.ஓ.ஆர். எனப்படும் தரை வானொலி வழிகாட்டிக்குத்தான் காற்றாலைக் கூட்டம் ஆகாது. அது சில கிலோமீட்டர் பக்கத்தில் இருந்தால் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் அலை திசையைக் கொஞ்சம் கோணலாக்கும்.